கட்டங்கள் சொல்வதும் குடும்பங்கள் கேட்பதும்

ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் 'மணமகள் தேவை' பத்தியில் ஓர் ஒழுங்கு உண்டு. சாதி, உட்பிரிவு, வயது, படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் வந்த பிறகு நட்சத்திரம் வரும். அதை ஒட்டி 'சுத்த ஜாதகம்' என்றோ 'செவ்வாய் தோஷம் உண்டு' என்றோ இரண்டு சொற்கள். கல்யாணப் பேச்சில் ஜாதகம் எந்த இடத்தில் நுழைகிறது என்பதை இந்த வரிசையே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சாதியும் வசதியும் சலித்துக் கொடுத்த வரன்களை மறுபடி சலிக்கும் இரண்டாவது சல்லடை அது.

இந்தச் சல்லடையைப் பற்றி நம்மிடம் இரண்டு பேச்சுகள் இருக்கின்றன. நம்புகிறவர்கள் அதை முன்னோர் தந்த அறிவு என்கிறார்கள். மறுப்பவர்கள் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறார்கள். அது நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை இரு தரப்பும் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பொருத்த விதிகளை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் தமிழ்நாட்டில் முக்கால்வாசிக் கல்யாணங்கள் நடந்திருக்காது. விதிகளோடு கூடவே விதிவிலக்குகளும் வளர்ந்ததால்தான் நடந்தன. விதிக்கும் விலக்குக்கும் நடுவில் இருக்கும் அந்த இடத்தில்தான் குடும்பங்கள் தங்கள் விருப்பத்தைச் செலுத்துகின்றன. அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஒட்டிக்கொண்ட இரண்டு அடுக்குகள்

'பொருத்தம் பார்ப்பது' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு முறைகள் நடக்கின்றன. ஒன்று நட்சத்திரப் பொருத்தம். பிறந்த நேரத்தில் நிலவு எந்த நட்சத்திரத்தில் இருந்தது என்பது மட்டும் தெரிந்தால் போதும். பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து பையனின் நட்சத்திரம் வரை எண்ணி தினம், கணம், மாகேந்திரம், ஸ்திரீ தீர்க்கம், யோனி, ராசி, ராசி அதிபதி, வசியம், ரஜ்ஜு, வேதை என்ற பத்தையும் சரிபார்ப்பார்கள். தினம் ஆரோக்கியத்துக்கு, மாகேந்திரம் மக்கட்பேற்றுக்கு, யோனி தாம்பத்தியத்துக்கு, ரஜ்ஜு மாங்கல்ய பலத்துக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் உண்டு. வடக்கே இதே வேலையை எட்டுப் பொருத்தங்களும் 36 மதிப்பெண்களும் செய்கின்றன. அங்கே 18 வாங்கினால் தேர்ச்சி.

மற்றது கட்டப் பொருத்தம். இதற்கு லக்னம் வேண்டும், பன்னிரண்டு வீடுகளில் கிரகங்கள் நிற்கும் இடம் வேண்டும், ஆகவே பிறந்த நேரம் நிமிடக் கணக்கில் வேண்டும். செவ்வாய் தோஷம், ராகு-கேது தோஷம், ஏழாம் வீட்டின் நிலை, இருவரின் தசைகளும் ஒரே காலத்தில் மாறும் தசா சந்தி எல்லாம் இந்த அடுக்கைச் சேர்ந்தவை. நட்சத்திரக் கணக்கு வேதகாலத்திலிருந்து இந்த மண்ணில் இருப்பது. பன்னிரண்டு ராசிகளும் லக்னமும் வீடுகளும் கிறிஸ்துவுக்குப் பிந்தைய முதல் நூற்றாண்டுகளில் கிரேக்க உலகத் தொடர்பால் வந்து சேர்ந்தவை என்பது அறிவியல் வரலாற்றாசிரியர்களின் பொதுவான முடிவு. தோற்றம் வேறு, தர்க்கம் வேறு என்பதால் இரண்டும் அடிக்கடி முரண்படும். பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறது, கட்டம் சரியில்லை என்பார் ஒரு சோதிடர். கட்டம் நன்றாக இருக்கும்போது நட்சத்திரத்தை யார் பார்க்கிறார்கள் என்பார் இன்னொருவர். இருவரும் தத்தம் அடுக்கில் நின்றுதான் பேசுகிறார்கள்.

நாள் பார்த்தார்கள், ஜாதகம் பார்த்தார்களா?

தமிழரின் பழைய இலக்கியத்தில் திருமணத்துக்கு நாள் பார்த்த சான்று உண்டு. அகநானூற்றின் 86, 136ஆம் பாடல்கள் நிலவு உரோகிணியோடு சேர்ந்த நல்ல வேளையில் நடந்த மணங்களைக் காட்டுகின்றன. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணமும் அதே சேர்க்கையில்தான் நடக்கிறது. அவ்வளவு நல்ல நாளில் மணந்தும் அவர்கள் கதை எப்படி முடிந்தது என்பது வேறு விஷயம். மணமக்கள் இருவரின் ஜாதகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட செய்தி இவற்றில் இல்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்துப் பொருத்தங்களைச் சொல்கிறது. பிறப்பு, குடிப்பண்பு, ஆளுமை, வயது, உருவம், காதலின் நிலைப்பாடு, மனஉறுதி, அருள், உணர்வு, செல்வம் என்று அந்தப் பட்டியல் போகிறது. எண்ணிக்கை பத்துதான். வானத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் மனிதரிடம் இருப்பவை.

ஜாதகம் எழுதி வைக்கும் பழக்கமும் எல்லாச் சமூகத்துக்கும் உரியதாக இருந்ததில்லை. ஓலையில் ஜாதகம் கணித்துப் பெட்டியில் பாதுகாக்க வசதியும் எழுத்தறிவும் சோதிடர் தொடர்பும் வேண்டும். பிறந்த நேரம் தெரியாதவர்கள் பெயரின் முதல் எழுத்தைக் கொண்டு பெயர்ப் பொருத்தம் பார்த்தார்கள், குலசாமி கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்த்தார்கள். அத்தை மகன், தாய்மாமன் என்று முறை இருந்த இடங்களில் அதுவும் பல நேரம் தேவைப்படவில்லை. தொட்டிலில் கிடக்கும்போதே 'இவளுக்கு இவன்' என்று பேசி வைத்த உறவில் சோதிடருக்குப் பெரிய வேலை இல்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படியும் தமிழ்நாட்டில் இரத்த உறவுக்குள் மணந்தவர்கள் ஏறத்தாழ 28 விழுக்காடு. இந்திய அளவில் அது 11 விழுக்காடுதான்.

சொந்தத்தில் கொடுப்பது குறைந்து அசலில் கொடுப்பது கூடும்போது, எதிரில் நிற்பவர் அறியாதவர் ஆகிறார். அவர் குணத்தைச் சொல்ல அத்தையும் மாமனும் இல்லை. அந்த வெற்றிடத்தில் ஜாதகத்துக்கு மதிப்புக் கூடியது என்று கருத இடம் உண்டு. ஜாதகப் பொருத்தம் எல்லாக் குடும்பங்களுக்கும் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்ற நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கவேண்டியிருக்கிறது. பல குடும்பங்களில் அது இரண்டு மூன்று தலைமுறைக்குள் வந்த வழக்கம்.

கொஞ்சம் கணக்கு

விதிகள் எவ்வளவு கடுமையானவை என்பதைப் பள்ளிக் கணக்கிலேயே பார்க்கலாம். 27 நட்சத்திரங்களிலும் பிறப்புகள் சமமாகப் பரவியுள்ளன, செவ்வாய் பன்னிரண்டு வீடுகளிலும் சமவாய்ப்பில் நிற்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம்.

மாகேந்திரம் இருக்க, பெண் நட்சத்திரத்திலிருந்து எண்ண 4, 7, 10, 13, 16, 19, 22, 25 ஆகிய எட்டில் ஒன்றாகப் பையன் நட்சத்திரம் அமையவேண்டும். 27க்கு 8 என்றால் நூற்றில் முப்பது ஜோடிகூடத் தேறாது.

ரஜ்ஜுவில் நட்சத்திரங்கள் சிரசு, கண்டம், உதரம், தொடை, பாதம் என ஐந்து பிரிவு. சிரசில் மிருகசீரிடம், சித்திரை, அவிட்டம் மூன்றும் மற்ற நான்கில் ஆறாறும் வரும். இருவரும் ஒரே ரஜ்ஜுவில் பிறந்தால் பொருத்தம் இல்லை. 729 சேர்க்கைகளில் 153 இப்படி விழும், அதாவது 21 விழுக்காடு.

அடுத்தது செவ்வாய். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கம். பன்னிரண்டில் ஐந்து என்றால் மக்களில் 42 விழுக்காட்டினர் தோஷக்காரர்கள். தோஷம் உள்ளவருக்கு உள்ளவரும் இல்லாதவருக்கு இல்லாதவரும்தான் சேரவேண்டும் என்றால், கண்ணை மூடி எடுக்கும் இரண்டு ஜாதகங்களில் கிட்டத்தட்ட பாதி, அதாவது 49 விழுக்காடு, பொருந்தாது. ரஜ்ஜுவையும் செவ்வாயையும் மட்டும் வைத்தாலே நூறு ஜோடியில் 41தான் மிஞ்சும். மீதி ஒன்பது பொருத்தங்களை இந்தக் கணக்கில் இன்னும் சேர்க்கவே இல்லை.

லக்னத்தோடு நிற்காமல் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணவேண்டும் என்பவர்கள் உண்டு. அப்படி எண்ணினால் ஐவரில் நால்வருக்கு ஏதாவது ஒரு கணக்கில் தோஷம் வந்துவிடும். ஊரில் பெரும்பான்மையினருக்கு இருக்கும் ஒன்றைக் குறை என்று அழைப்பதில் உள்ள விசித்திரத்தை இந்த எண்ணே சொல்லும்.

விலக்குகளின் காடு

இந்த நெருக்கடி சோதிடர்களுக்குத் தெரியாதது அல்ல. அதனால்தான் விதிகளைவிட விலக்குகளின் பட்டியல் நீளமாக இருக்கிறது. செவ்வாய் மேஷத்திலோ விருச்சிகத்திலோ ஆட்சியாக இருந்தால் தோஷம் இல்லை. மகரத்தில் உச்சமானால் இல்லை. குரு பார்த்தாலோ சேர்ந்தாலோ இல்லை. கடக, சிம்ம லக்னக்காரர்களுக்குச் செவ்வாய் யோககாரகன் என்பதால் இல்லை. இரண்டாம் இடம் மிதுனமாகவோ கன்னியாகவோ இருந்தால் இல்லை. ஒரே ரஜ்ஜுவானாலும் ஒருவர் ஏறுமுகத்திலும் மற்றவர் இறங்குமுகத்திலும் இருந்தால் பரவாயில்லை என்பாரும் உண்டு. இருவர் ராசி அதிபதிகளும் நட்பானால் பிற குறைகள் சிலவற்றை மன்னிக்கலாம்.

இவற்றில் மிகவும் கவனிக்கத்தக்கது, ஊரில் பரவலாகச் சொல்லப்படும் வயது விலக்கு. 28 வயது தாண்டினால் செவ்வாய் தோஷம் போய்விடும் என்பார்கள். வானத்தில் செவ்வாய் நின்ற இடம் அப்படியேதான் இருக்கிறது. தரையில் மட்டும் பெண்ணுக்கு வயதாகிறது, வீட்டாரின் பிடிவாதம் தளர்கிறது. அந்தத் தளர்ச்சிக்குச் சோதிடம் ஒரு விதியின் வடிவம் கொடுத்து உதவுகிறது.

விலக்கும் கைகொடுக்காவிட்டால் பரிகாரம் இருக்கிறது. செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோயில், ராகுவுக்குத் திருநாகேஸ்வரம், கேதுவுக்குக் கீழப்பெரும்பள்ளம், இரண்டுக்கும் சேர்த்துக் காளஹஸ்தி, கல்யாணத் தடை நீங்கத் திருமணஞ்சேரியும் சென்னைக்குத் தெற்கே திருவிடந்தையும். சில வீடுகளில் வாழைமரத்துக்குத் தாலி கட்டி, அதை வெட்டிய பிறகு உண்மையான திருமணம் நடக்கும். ஒரு தடையை அறிவிக்கும் முறைக்குள்ளேயே அதைக் கடக்கும் வழியும் விற்கப்படுகிறது. வேண்டும் என்று தீர்மானித்த சம்பந்தத்துக்கு எப்போதும் ஒரு கதவு திறந்திருக்கும்.

மறுப்பதற்கு ஒரு மரியாதை

வேண்டாம் என்று தீர்மானித்த சம்பந்தத்துக்கும் அதே விதிகள் உதவுகின்றன. பெண் கருப்பு, பையன் சம்பளம் போதாது, குடும்பத்தில் ஏதோ சச்சரவு, போடுவதாகச் சொன்ன நகை குறைவு. இதில் எதையும் முகத்துக்கு நேரே சொல்ல முடியாது. 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று சொல்லலாம். கேட்பவருக்கும் அதில் அவமானம் இல்லை, தரகருக்கும் இரண்டு வீட்டிலும் முகம் இருக்கும், நாளைக்கு வேறு விசேஷத்தில் இரு குடும்பமும் சந்தித்தால் தலை குனியவேண்டியதில்லை. பழியைக் கிரகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. இதைப் பெரியவர்கள் பார்த்து முடிக்கும் திருமணத்தின் ஒரு நாகரிகமாகவே பார்க்கலாம். சில நேரம் அது பெண்ணுக்கே உதவியிருக்கிறது. பிடிக்காத மாப்பிள்ளையைத் தட்டிக்கழிக்க ஜாதகத்தைக் கேடயமாகப் பிடித்த தாய்மார்கள் உண்டு.

ஆனால் இந்த நாகரிகத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2011-12 இந்திய மனித மேம்பாட்டு ஆய்வில் சாதி மாறி மணந்தவர்கள் சுமார் 5 விழுக்காடுதான். அதாவது ஜாதகம் யாருக்கு அனுப்பப்படும் என்பதைச் சாதி முன்பே முடிவுசெய்துவிடுகிறது. அந்தப் பத்துப் பொருத்தங்களில் சாதிக்கு இடமே இல்லாவிட்டாலும் நடைமுறையில் வேறு சாதி ஜாதகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் பேச்சே எழுவதில்லை. காதலித்தவர்கள் வீட்டில் சொல்லும்போது மட்டும் அது எழும். சாதியைக் காரணம் காட்டக் கூசுகிற படித்த குடும்பங்களுக்கு அப்போதும் ஜாதகம் கைகொடுக்கும்.

சுயமரியாதை இயக்கம் தாக்கியது இந்த முழு அமைப்பையும்தான். 1920களின் இறுதியிலிருந்து புரோகிதரும் முகூர்த்தமும் ஜாதகமும் இல்லாத திருமணங்களைப் பெரியார் நடத்தி வைத்தார். வேண்டுமென்றே இராகுகாலத்தில் நடந்தவையும் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் நிறைவேறிய சட்டம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவைச் சேர்த்து அவற்றுக்கு ஏற்பளித்தது. அந்த மூலச் சட்டம் 1955இல் வைத்த நிபந்தனைகளிலும் ஜாதகம் கிடையாது. சட்டத்துக்குத் தேவைப்படாத ஜாதகம் குடும்பங்களுக்குத் தேவைப்படுவது, மறுப்பையும் ஏற்பையும் சுமக்க வேறு வாகனம் அவர்களிடம் இல்லாததால்தான்.

சுமை எங்கே இறங்குகிறது

பழியைக் கிரகங்கள் ஏற்பதாகச் சொன்னாலும் அவை கடைசியில் அதை ஒரு மனிதர் மேல் இறக்கி வைக்கின்றன. 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்' என்ற பழமொழி போதும். ஒரே நட்சத்திரம், ஒரே வானம், பலன் மட்டும் எதிரெதிர். மூலத்துப் பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் கொழுந்தனுக்கு. நான்கு நட்சத்திரம் என்றால் ஏழு பெண்களில் ஒருத்தி பிறக்கும்போதே யாரோ ஒருவருக்கு ஆகாதவளாகப் பிறக்கிறாள். குறிப்பிட்ட பாதத்தில் பிறந்தால் மட்டுமே, அதிலும் விலக்குகளோடுதான், இந்தத் தோஷம் என்று விஷயம் தெரிந்த சோதிடர்கள் திருத்துகிறார்கள். பழமொழி பாதம் பார்ப்பதில்லை.

இந்த நான்கிலும் ஆபத்து யாருக்கு என்று பாருங்கள். புகுந்த வீட்டு ஆட்களுக்கு. வெளியிலிருந்து வரும் பெண்ணைக் கண்டு ஒரு கூட்டுக்குடும்பம் கொள்ளும் அச்சம் அப்படியே நட்சத்திரமாக எழுதப்பட்டிருக்கிறது. மருமகனால் மாமியாருக்கு ஆபத்து என்று இவ்வளவு பேசப்படும் நட்சத்திரம் ஒன்றும் இல்லை. பிருகத் ஜாதகத்தில் வராகமிகிரர் பெண் ஜாதகத்துக்குத் தனி அத்தியாயமே ஒதுக்கினார். ஆண் ஜாதகத்துக்குத் தனி அத்தியாயம் தேவைப்படவில்லை, ஏனென்றால் மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அவனுடையவை.

தோஷம் நீதிமன்றம் வரை போனதும் உண்டு. திருமணம் செய்வதாக நம்பவைத்து ஏமாற்றியதாகச் சொல்லப்பட்ட ஒரு பாலியல் வழக்கில், பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருப்பதால் மணக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. 2023 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வு, அந்தப் பெண்ணுக்குத் தோஷம் உண்டா என்று பார்த்துச் சொல்லுமாறு லக்னோ பல்கலைக்கழகச் சோதிடத் துறைத் தலைவரைப் பணித்தது. ஜூன் 3 அன்று, கோடை விடுமுறைக்கு இடையிலேயே, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஒரு வாக்கை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் பொறுப்பைச் செவ்வாயிடம் ஒப்படைக்க முயன்ற இடம் அது. வீட்டுக் கூடத்தில் தினமும் நடப்பது அங்கே பதிவேட்டில் ஏறியது, அவ்வளவுதான்.

துல்லியம் என்ற நம்பிக்கை

இவ்வளவும் நிற்பது பிறந்த நட்சத்திரம் ஐயமின்றித் தெரியும் என்ற நம்பிக்கையின் மேல். அந்த நட்சத்திரமே நீங்கள் கையில் எடுக்கும் பஞ்சாங்கத்தைப் பொறுத்தது. பாம்புப் பஞ்சாங்கம் போன்ற வாக்கியப் பஞ்சாங்கங்கள் மரபான வாக்கியங்களால் நிலவின் இடத்தைக் கணிக்கின்றன. திருக்கணிதம் நவீன வானியல் அளவுகளைக் கொள்கிறது. நட்சத்திரம் மாறும் நேரத்தில் இரண்டுக்கும் சில மணி நேர வேறுபாடு வருவது சாதாரணம். யாழ்ப்பாணத்திலும் வாக்கியம், திருக்கணிதம் என்ற இரு கட்சி உண்டு.

ராசிச் சக்கரம் எங்கே தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் அயனாம்சத்திலும் ஒற்றுமை இல்லை. மேகநாத சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அளித்த அறிக்கையை ஒட்டி, லாகிரி அயனாம்சம் அரசு ஏற்பைப் பெற்றது. பெங்களூரின் புகழ்பெற்ற சோதிடர் பி. வி. ராமன் கொண்ட அயனாம்சம் அதிலிருந்து சுமார் ஒன்றரைப் பாகை விலகியது. ஒரு நட்சத்திரத்தின் அகலம் பதின்மூன்றே காலுக்குச் சற்று மேற்பட்ட பாகை. ஆகவே லாகிரியிலிருந்து ராமனுக்கு மாறினால் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நட்சத்திரமே மாறிவிடும். தேவ கணத்துப் பெண் ராட்சச கணம் ஆவதும், ரஜ்ஜு தட்டுவதும் தட்டாததும் மேசையில் இருக்கும் புத்தகத்தைப் பொறுத்தது.

ஜாதகம் ஒரு மனிதரைப் பற்றி ஏதாவது சொல்கிறதா என்ற அடிப்படைக் கேள்வியை வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் புனேயில் சோதித்தார். படிப்பில் சிறந்த 100 மாணவர்கள், அறிவுத்திறன் குறைபாடு உள்ள 100 பேர் ஆகியோரின் ஜாதகங்களைக் கலந்து, ஆளுக்கு 40 வீதம் 27 சோதிடர்களிடம் கொடுத்து எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். 2009இல் வெளியான முடிவின்படி சரியான விடை 46 விழுக்காடு. நாணயம் சுண்டினாலே பாதி சரியாக வரும். மணப்பொருத்தம் நேரடியாகச் சோதிக்கப்படவில்லை. ஒருவரை அடையாளம் காட்ட முடியாத ஜாதகம், இருவரின் வாழ்வை இணைத்துச் சொல்லும் என்று எதிர்பார்ப்பதற்கு அடிப்படை என்ன என்ற கேள்வியை மட்டும் அந்த எண் எழுப்புகிறது.

சோதிடர் இல்லாத சோதிடம்

இப்போது திருமணத் தகவல் இணையதளங்களும் கைபேசிச் செயலிகளும் வந்துவிட்டன. நட்சத்திரம், ராசி, தோஷம் ஆகியவை விண்ணப்பத்தில் கட்டங்களாக இருக்கின்றன. 'தோஷம் இல்லாதவர்கள் மட்டும்' என்று தேர்ந்தெடுத்தால் மற்றவர்கள் திரையில் வருவதே இல்லை. இதை நவீனம் பழமையை வளர்க்கிறது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். உள்ளே நடந்த மாற்றம் அதைவிடப் பெரியது.

முன்பு ஒரு ஜாதகம் சோதிடர் கைக்குப் போகும்போது குடும்பங்கள் ஏற்கனவே பேசத் தொடங்கியிருக்கும், போட்டோ பார்த்திருக்கும், விருப்பம் எழுந்திருக்கும். சோதிடர் கட்டத்தோடு வந்தவர் முகத்தையும் படித்தார். 'செய்யலாமா?' என்று கேட்டவர் குரலில் இருந்த ஆசையை அறிந்து குரு பார்வையைத் தேடிக் கண்டுபிடித்தார். செயலியின் வடிகட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. தோஷம் முதலில் வருகிறது, மனிதர் அப்புறம். தன் ஜாதகம் எந்த விலக்கால் தப்புகிறது என்பதை ஒரு பெண் விளக்கத் தொடங்கும் முன்பே அவள் பட்டியலிலிருந்து போய்விடுகிறாள். யார் மறுத்தார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரிவதில்லை. மறுத்தவருக்கும் தெரியாது. மேலே போட்ட கணக்கின்படி 42 விழுக்காட்டினரை நீக்கும் அந்த ஒற்றைத் தேர்வு, நூல்களே அனுமதிக்கும் ஜோடிகளையும் சேர்த்துத்தான் நீக்குகிறது.

ஜாதகம் பார்க்காதே என்று சொன்னால் கேட்கப்போகிறவர்கள் குறைவு. பார்ப்பவர்களிடம் அவர்கள் வழியிலேயே ஒன்றைக் கேட்கலாம். விதியை நம்புகிறவர் விலக்கையும் நம்பவேண்டும், இரண்டும் ஒரே நூலில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஆளைப் பார்த்து, பேசி, விசாரித்து, பையனும் பெண்ணும் விரும்புகிறார்களா என்று அறிந்த பிறகுதான் கட்டத்துக்குப் போகவேண்டும். அப்போதும் வேண்டாம் என்று தோன்றினால், அந்த வேண்டாம் தங்களுடையது என்பதைக் குடும்பம் குறைந்தபட்சம் தனக்குள்ளாவது ஒப்புக்கொள்ளவேண்டும். தோஷக்காரி என்ற பெயரை அடுத்த வீட்டுக்கும் சுமந்து போகப்போவது அந்தப் பெண்தான்.